முறி, ஒடி, உடை: எல்லைப்புறத் தமிழை முன்னிட்டு ஒரு சொல்லாய்வு

அகராதி என்பது அருஞ்சொற்களுக்குப் பொருள் காண உதவும் நூல் என்பதே பொதுமக்கள் கருத்து. ஆயின் ஓர் அகராதியின் திறத்தை அளந்தறிதற்குரிய இடம் அருஞ்சொற்கள் அல்ல. நாள்தோறும் நாவில் வழங்கும் எளிய வினைச்சொற்களே என்பது எம் கருத்து. அருஞ்சொல்லுக்கு உரையாசிரியர் கூறிய பொருளை எடுத்தெழுதி அகராதியாசிரியர் அமைதி கொள்ளலாம். எளிய சொல்லுக்கு அவ்வாறு செய்தல் இயலாது. ஆண்டு அவர் தாமே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சான்றாக, ஒரு பொருள் சிதைவுறுதலைக் குறிக்கும் முறிதல், ஒடிதல், உடைதல் என்னும் மூன்று சொற்களை எடுத்துக்கொள்வோம். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939இல் ஓர் அநுபந்தத்துடனும் வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதியின் பெருமையை யாம் குறைத்துக் கூற வரவில்லை. அதனைக் கைக்கொள்ளாது தமிழாய்வு செய்வார் எவரும் இலர். எனினும் அவ்வகராதி முறிதல் என்பதற்கு ஒடிதல் என்றும், ஒடிதல் என்பதற்கு முறிதல் என்றும் தமிழில் பொருள் தருகின்றது. தமிழ் மட்டும் அறிந்தான் ஒருவன் இவ்விரு சொற்களுக்கிடையே செக்கு மாடு போலச் சுற்றி வருவானேயன்றி வெளியேறும் வழி காணான். வியப்பு யாதெனின், அதே பதிவிலுள்ள ஆங்கில விளக்கம் கோலையும் மரக்கிளையையும் உவமையாகச் சுட்டி, எப்பொருள் எவ்வாறு சிதையும் என்பதை ஒருவாறு உணர்த்தி நிற்கின்றது. தமிழ்ச் சொல்லின் நுட்பம் தமிழனுக்கு ஆங்கிலத்தின் வழியாகவே கிடைக்கின்றது!

இக்குறைபாடு அவ்வகராதியார் தோற்றுவித்தது அன்று. நிகண்டு மரபினின்றும் வந்தது. திவாகரர் தம் நூலுள் செயல் பற்றிய பெயர்களுக்கு ஒரு தொகுதியும் ஒலி பற்றிய பெயர்களுக்கு ஒரு தொகுதியும் வகுத்தார். ஒருபொருட் பன்மொழிகளை ஒரு கொத்தாக்கி மனப்பாடம் செய்தற்கு எளிதாக யாத்துத் தருதலே நிகண்டின் நோக்கம். கொத்தினுள் அடங்கிய சொற்கள் தம்முள் எவ்வாறு வேறுபடும் என்பது செய்யுள் செய்வார்க்கு வேண்டப்படாத ஒன்று. எதுகைக்கும் மோனைக்கும் ஏற்ற சொல் கிடைத்தால் அவர்க்கு அமையும். தொல்காப்பியரும் உரியியலில், வெளிப்படையாகப் பொருள் விளங்கும் சொற்களை விளக்க வேண்டுவதில்லை என்னும் நெறியைக் கூறிவிட்டார். அதனாலேயே கடி என்னும் உரிச்சொல்லுக்குக் காப்பு, கூர்மை, புதுமை, விரைவு, அச்சம் முதலாகப் பல பொருள்களை எண்ணித் தந்தவர், பல்லாற் கடித்தல் என்பதைக் கூறாது விடுத்தார். அஃது அன்று எல்லாரும் அறிந்தது. இலக்கண நூலுக்கு அது முறையே. ஆனால் இலக்கணத்தார் கூறாது விடுத்ததை நிகண்டினரும் விடுத்து, அகராதியாரும் விடுப்பின், அதனைக் கூறுவார் யார்?

இனி இம்மூன்று வினைகளையும் வழக்கின் துணைகொண்டு ஆராய்வோம்.

குடம் உடையும், முட்டை உடையும், தேங்காய் உடைபடும், கட்டி உடைந்து சீழ் வெளிப்படும், ஏரி உடைந்து நீர் பாயும், படை உடைந்து வீரர் சிதறுவர், ஒளித்து வைத்த குட்டு உடையும், உள்ளம் உடைந்தவன் கண்ணீர் உகுப்பான். இவை அனைத்திற்கும் பொதுவாய் அமைவது யாது? உள்ளே ஒன்றனை அடக்கி வைத்திருந்த கட்டுக்கோப்புக் குலைந்து, அகத்தது புறத்தே சிந்துதல் அல்லது தொகையாய் நின்றது பலவாய்ச் சிதறுதல். கல்லுடைத்தல் என்னும் வழக்கு இதற்கு மாறன்றோ, கல்லின் அகத்தே என்ன உளது என வினவலாம். ஆண்டுப் பலவாய்ச் சிதறுதல் என்னும் கூறு மட்டுமே நிற்கின்றது என்க. ஒரு பாறையை நீளவாட்டில் இரண்டாக்கும் கல்தச்சன் அதனைப் பிளந்தேன் என்பானேயன்றி உடைத்தேன் என்னான். உடைத்தால் கிடைப்பது ஜல்லி. கருங்கல் வெட்டியெடுக்கும் தொழில் மிக்க கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இவ்வேறுபாடு ஏட்டு வேறுபாடு அன்று; பிளந்த கல்லுக்கு ஒரு விலை, உடைந்த கல்லுக்கு வேறு விலை.

முறிதலோ நீண்டும் திண்ணிதாயும் உள்ள பொருளுக்கே உரியது. எலும்பு முறியும், வில் முறியும், வண்டியின் அச்சு முறியும். இச்சொல்லின் உயிர்நிலை அப்பொருளின் எதிர்ப்பாற்றலில் உளது. வலியுடைய ஒன்று அவ்வலி கெட்டு இரண்டுபடுதலே முறிவு. ஆகலின் வடிவமே இல்லாத வலிகளுக்கும் இச்சொல் தடையின்றிப் பரவிற்று. நஞ்சு முறியும், உறவு முறியும், ஒப்பந்தம் முறியும், பாலும் முறியும். நஞ்சு உடைந்தது என்றோ, ஒப்பந்தம் ஒடிந்தது என்றோ கூறுவார் உளரோ? முறித்தெடுத்த துண்டு முறி எனப்பட்டது. அதுவே தளிருக்கும், ஓலை நறுக்கிற்கும், அதன்மேல் எழுதிய ஆவணத்திற்கும் பெயராயிற்று. ஈழத்தார் இன்றும் அரசு வெளியிடும் கடன் பத்திரத்தைப் பிணைமுறி என்றே வழங்குவர். மலையாளத்தில் முறி என்பது துண்டையும், வீட்டின் ஒரு பகுதியாகிய அறையையும் குறிக்கும்.

ஒடிதல் மெல்லிய நீண்ட பொருளுக்கு உரியது. கணுவிலோ மூட்டிலோ நிகழ்வது. கீரைத்தண்டு ஒடியும், குச்சி ஒடியும், முருங்கைக் கிளை கைப்பட்ட அளவில் ஒடியும். பெருமுயற்சி வேண்டாமை இதன் இயல்பு. மெலிந்த மேனியனை ஒடிசலானவன் என்பது இதுபற்றியே. இடுப்பொடிய உழைத்தான் என்னுமிடத்தும் மூட்டே சுட்டப்படுகிறது. மனம் உடைந்தான், மனம் ஒடிந்தான் என்னும் இரண்டும் வழக்கில் உள. முன்னவன் அழுவான், பின்னவன் அழான், நிமிர மாட்டான். இந்நுட்பத்தைப் படிப்பறியாத கிழவியும் பிழையின்றிக் காக்கின்றாள். அகராதி காக்கவில்லை என்பதே எம் குறை.

இவ்வாராய்ச்சிக்கு யாம் ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைப்புறத்தைத் தெரிந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. முன்பு சேலம் மாவட்டத்தில் அடங்கி, 1965இல் தருமபுரி மாவட்டத்தின் பகுதியாகி, 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டமாகப் பிரிந்த இந்நிலத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே தெருவில் வழங்குகின்றன. ஓசூர் என்னும் பெயரே புதிய ஊர் எனப் பொருள்படும் கன்னடப் பெயர். தமிழாயின் புத்தூர் என்றாகும். சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியபின் பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் வந்து குடியேறினர். இத்தகைய இடத்தில் சொற்களின் பொருள் வரம்புகள் அழிந்து மயங்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். உண்மை அதற்கு மாறானது.

கன்னடத்தார் மண்கலம் சிதைந்தால் 'ஒடெ' என்னும் வினையையும், மரக்கொம்பு சிதைந்தால் 'முரி' என்னும் வினையையும் ஆள்வர். தெலுங்கர் கலத்திற்குப் 'பகுலு' என்றும், கொம்பிற்கு 'விறுகு' என்றும் கூறுவர். வேற்றினத்து மொழியாகிய உருதுவிலும் கொம்பிற்கு 'டூட்னா' எனவும் மண்குடத்திற்குப் 'பூட்னா' எனவும் இருவேறு வினைகள் உள. நான்கு மொழி பேசுவாரும் தத்தம் சொல்லால் ஒரே வரம்பைக் காக்கின்றனர். குடத்தையும் கோலையும் ஒரே சொல்லால் உடைப்பவர் இந்நிலத்தின் பழங்குடிகளுள் ஒருவரும் இலர். ஆங்கிலேயர்க்கோ கலமும் கோலும் எலும்பும் வாக்குறுதியும் 'பிரேக்' என்னும் ஒரே வினைக்குள் அடங்கும். (தெலுங்குப் பகுலு நம் பகு என்னும் வினையின் சுற்றத்தது. பகல், பங்கு, பகுதி எல்லாம் அதன் மக்கள்.)

இனி, எல்லைப்புறத் தமிழ்மேல் நெடுங்காலமாகச் சாற்றப்படும் குற்றச்சாட்டு ஒன்றனை ஆராய்தல் வேண்டும். இப்பகுதி மாணாக்கர் குடம் ஒடைந்தது என எழுதினால், தேர்வுத்தாள் திருத்துவோர் சிலர் அதனைக் கன்னடக் கலப்பு எனச் சிவப்பு மையால் அடிப்பர். ஒடைக்கும் ஒடெக்கும் உள்ள ஒலியொப்புமையே அவர்க்குச் சான்று. எழுத்து வழக்கில் உடைந்தது என எழுதுதலே முறை என்பதில் எமக்கு ஐயமில்லை, திருத்தம் வேண்டுவதே. யாம் மறுப்பது அவர் கூறும் காரணத்தை.

இரண்டாம் அசையில் அகரமோ ஐகாரமோ வருமிடத்து, முதலசையின் உகரம் ஒகரமாகவும் இகரம் எகரமாகவும் ஒலித்தல் தமிழ்ப் பேச்சு வழக்கின் பொதுவியல்பு. குடம் கொடம் ஆகின்றது. உடம்பு ஒடம்பு ஆகின்றது. இலை எலை ஆகின்றது. விலை வெலை ஆகின்றது. திருநெல்வேலியிலும் தஞ்சையிலும் அவ்வாறே. ஆண்டெல்லாம் கன்னடர் சென்று கற்பித்தனரோ? இரண்டாம் அசையில் இகரம் வரும் குடி, புளி, முறி என்னும் சொற்கள் இம்மாற்றத்தை ஏற்பதில்லை என்பதையும் நோக்குக. அதனாலேயே நம் முறி கன்னடத்திலும் முரி என உகரத்தோடு நிற்க, நம் உடை ஆங்கு ஒடெ எனத் திரிந்து காண்கிறது. தென்திராவிட மொழிகளில் இவ்வுயிர்கள் மாறிவரும் முறையைப் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1958இல் வெளியிட்ட கட்டுரையில் ஒழுங்குபட நிறுவியுள்ளார். எனவே ஓசூர் மாணாக்கன் எழுதிய ஒடைந்தது கன்னடத்தின் கொடை அன்று. அவன் பாட்டி பேசிய தமிழ். எல்லைக்கு அப்பால் அதன் உடன்பிறப்பு வாழ்கிறது என்னும் ஒரே காரணத்தால் அதன் குடியுரிமையை மறுத்தல் முறையாகாது.

இதற்கு மறுதலையான மயக்கமும் உண்டு. வெட்டிய துண்டைக் கன்னடர் 'ஹோளு' என்பர். கேட்ட அளவில் அது முற்றும் அயற்சொல்லாகவே தோன்றும். ஆயின் கன்னடத்தில் சொன்முதற் பகரம் ஹகரமாகத் திரிந்தது என்பதை உணர்ந்தார்க்கு, பல் 'ஹல்லு' ஆனாற்போல, சங்கச் செய்யுட்களில் பயின்று வரும் போழ் என்னும் வினையே இவ்வாறு வேடமிட்டு நிற்கின்றது என்பது புலனாகும். நம் பேச்சில் போழ் மறைந்தது. பிளவும் பிளத்தலும் அதன் இடத்தைக் கொண்டன. எல்லைக்கு அப்பால் அது அன்றாடச் சமையலறையில் வாழ்கின்றது. இப்பகுதி நடுகற்களில் ஆனிரையைக் குறிக்கும் தொறு என்னும் சொல்லும் அத்தகையதே; கன்னட வீரக்கற்களில் அது 'துறு' என வரும். நிரை கவர்ந்தோரும் மீட்டோரும் ஒரே சொல்லைச் சொல்லியே பொருதனர் போலும்.

1956இல் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது, கோயம்புத்தூர் மாவட்டத்துக் கொள்ளேகாலம் மைசூரைச் சேர்ந்தது. ஓசூர் சென்னை மாநிலத்திலேயே நின்றது. அத்தகைய காலங்களில் ஊர்ப்பெயரையும் வழக்குச் சொற்களையும் நிலத்திற்குச் சான்றாகக் காட்டும் வேட்கை இருபாலார்க்கும் எழுதல் இயல்பு. இனச்சொற்கள் ஒரு நிலத்தை எவர்க்கும் எழுதித் தாரா. இரு மொழிகளும் பிரியாதிருந்த காலத்துச் சொல்லை வைத்துப் பிரிந்த பின்னர் உண்டான எல்லையை அளத்தல் எங்ஙனம் இயலும்? பரோ, எமனோ ஆகிய இருவரும் 1961இல் வெளியிட்டு 1984இல் திருத்திப் பதித்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைப் புரட்டுவார், ஒவ்வொரு பதிவிலும் பல மொழிகள் ஒரு வேரின்கீழ் அணிவகுத்து நிற்றலைக் காண்பர். கடன்சொல் வேறு, இனச்சொல் வேறு என்பதை முதுகலை வகுப்பிலேனும் அழுத்தமாகக் கற்பித்தல் நன்று. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்திற்குப்பின், வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் சிறுவர் பலர் பள்ளியில் தமிழ் கற்கின்றனர். உன் 'முரி' எம் முறி, உன் 'ஹல்லு' எம் பல் என ஆசிரியர் காட்டுவாராயின் அச்சிறுவன் பாதித் தமிழை முதல் நாளே அறிந்தவனாவான். கலப்பு எனக் கடிந்தால் இரண்டு மொழியும் அவனுக்கு அச்சம் தரும்.

கடிதல் என்றமையால் கடித்தலுக்கு வருவோம். தமிழில் கடித்தல் பல்லின் தொழில். கடிதல் விலக்குதலும் இடித்துரைத்தலும் ஆகும். கன்னடத்தில் 'கடி' என்னும் ஒரே வினை பல்லாற் கடித்தலையும் கோடரியால் வெட்டுதலையும் குறிக்கின்றது. வெட்டி நீக்குதல் என்னும் பழம்பொருளினின்றே நம் கடிதலுக்கு விலக்குதற் பொருள் கிளைத்திருத்தல் கூடும் என யாம் கருதுகின்றோம். வடமொழியில் 'கண்டனம்' என்பதன் முதற்பொருள் உடைத்தல் என்பதும் ஈண்டு ஒப்புநோக்கத் தக்கது. இன்று இளைஞர் சுவையற்ற நகைச்சுவையைக் கடி என்கின்றனர். அதனையும் வருங்கால அகராதி ஏற்றல் வேண்டும், முகம் சுளித்தேனும். நம் கறித்தலுக்கு இனமாகத் தெலுங்கில் 'கறசு' உளது. கொறித்தலுக்குக் 'கொறுகு' உளது. ஆயின் தெலுங்கில் கொறுகு என்பது நன்றாகவே கடித்தல். தமிழில் கொறித்தல் அணிலுக்கும், பொழுது போகாது கடலை தின்பார்க்கும் உரிய சிறு தொழில். இன்னும் கவ்வுதல், மெல்லுதல், அதக்குதல், குதப்புதல் என நம் சொற்கள் பல. இவையெல்லாம் இத்துணை நுணுக்கமாக வழங்கும் இந்நிலத்தின் தலையாய உணவு கேழ்வரகுக் களி. நொய்யரிசி கூட்டிக் கிண்டிய அக்களியைக் கடிப்பாரும் இலர், மெல்லுவாரும் இலர், உருட்டி விழுங்குவர் என்பது ஒரு வேடிக்கை. அந்த நொய்யே கன்னடத்தில் 'நுச்சு' என வழங்கும்.

பிறநாட்டார் இத்துறையில் செய்தது என்ன என்பதையும் ஒருசிறிது காண்போம். ஆங்கிலத்தில் கடித்தலைக் குறிக்கும் 'பைட்' என்னும் வினை, பிளத்தல் என்னும் பொருளுடைய மிகப் பழைய வேரிலிருந்து பிறந்தது என்பர். சிறுதுண்டைக் குறிக்கும் 'பிட்' அதன் வழியது. குதிரையின் வாயில் இடும் இரும்பும் 'பிட்' எனவே பெயர் பெறும். நம் கடிவாளத்திலும் கடி முன்னிற்றல் காண்க. ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் ஒரே குதிரையின் ஒரே பல்லைப் பார்த்துப் பெயரிட்டிருக்கின்றன. 'ஸ்நாப்' என்பது முதலில் வாயாற் சட்டெனக் கவ்வுதலைக் குறித்து, பின்னர் ஒலியோடு முறிதலைக் குறித்தது. 'நாப்' என்பது சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டிப் பெயர்க்கும் தொழிலாளரிடையே எஞ்சி நின்றது. இவை போன்ற வட்டார வழக்குச் சொற்களை ஆயிரக்கணக்கில் தொகுத்து 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்டவர் யோசப் ரைட். அவர் இளமையில் நெசவாலையில் வேலை செய்த சிறுவர். பதினைந்து வயதளவும் எழுத்தறியாதிருந்து, பின்னர் ஆக்ஸ்போர்டில் ஒப்பியல் மொழிநூற் பேராசிரியரானவர். ஆலைத் தொழிலாளர் பேச்சைச் சிதைந்த மொழி என அவர் கருதவில்லை. அவர்க்கு அது தாய்மொழி. தமிழில் கி. ராஜநாராயணன் கரிசல் வழக்கிற்கும், பெருமாள்முருகன் கொங்கு வழக்கிற்கும் சொல்லகராதி தொகுத்தனர். இருவரும் பல்கலைக்கழகம் பணித்துச் செய்தவர் அல்லர். புனைகதையாளர் என்னும் முறையில், தம் நிலத்தின்பாற் கொண்ட பற்றினாற் செய்தவர். ஓசூர் எல்லைக்கும் அத்தகைய தொகுப்பு வேண்டும். நான்கு மொழிச் சொற்களையும் அருகருகே நிறுத்தி, எப்பொருள் எவ்வினை கொள்ளும் எனக் காட்டும் தொகுப்பாக அஃது அமைதல் வேண்டும்.

இறுதியாக இறுதல் என்னும் வினை. இறுதி என்னும் பெயர் இதனின்றும் பிறந்ததே. மிதிலையில் இராமன் கையிலிருந்த வில்லுக்குக் கம்பர் ஆண்ட வினை இதுவே. மயிற்பீலி ஏற்றிய வண்டியின் அச்சுக்கு வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்துள் ஆண்டதும் இதுவே. இச்சொல் வழக்கொழிந்தது என்று கூறுவார் உளர். வழக்கொழியவில்லை. பழங்கயிற்றையும் நைந்த துணியையும் இத்துப்போயிற்று என்று நம் மக்கள் கூறுவது இற்றுப்போயிற்று என்பதன் பேச்சு வடிவமே. காற்று காத்தானாற்போல இற்று இத்தாயிற்று. இதனைக் கொச்சை என்று விலக்குவார், கம்பர் வாய்ச்சொல்லை விலக்குகின்றார். பொருளில் மட்டும் ஒரு மாற்றம் நிகழ்ந்துள்ளது. கம்பரிடம் அது நொடியில் நிகழ்வது. மக்களிடம் அது பலநாள் நைந்து நைந்து நிகழ்வது. வள்ளுவர் இவ்விரண்டிற்கும் இடையே நிற்கின்றார். பீலி ஒவ்வொன்றும் நொய்யது. அச்சு கெடுவது அந்நொய்ம்மையின் திரட்சியால்.

சரக்குந்துகள் செய்யப்படும் ஓசூரில் இன்று அச்சினை ஆக்சில் என்பர். அது கெட்டால் 'கட்டாயிடுச்சு' என்பர். மின்சாரமும் கட்டாகின்றது, தொலைபேசியும் கட்டாகின்றது, சம்பளமும் கட்டாகின்றது. பொறியியலாரோ உலோகம் கெடும் வகைகளை நுணுகிப் பிரிப்பர். தாங்கொணாப் பாரத்தால் ஒரே முறையில் இரண்டுபடுதல் ஒருவகை. சிறுசிறு விசைகள் மீண்டும் மீண்டும் தாக்க, உள்ளே நுண்ணிய விரிசல் வளர்ந்து ஒருநாள் கெடுதல் மற்றொருவகை. பின்னதற்கு அவர் தளர்ச்சி, அயர்வு என ஆங்கிலத்தை நோக்கிப் பெயர் படைக்கின்றனர். முன்னதற்கு முறிதலும் பின்னதற்கு இறுதலும் வைத்தால் புதுச்சொல் படைக்க வேண்டா. பட்டைவார் அறும், வார்ப்பிரும்புக் கூடு உடையும், மெல்லிய கம்பி ஒடியும், கண்ணாடி நொறுங்கும். எலும்பு முறிவு என மருத்துவர்க்கும், அணுக்கருப் பிளவு என இயற்பியலார்க்கும் வினையறிந்து சொல் வகுத்த தமிழில், ஓசூர்ப் பட்டறைக்கு மட்டும் எல்லாவற்றிற்கும் சேர்த்து ஒரு 'கட்' போதும் என விடுதல் கலைச்சொல்லாக்கக் குழுவினர்க்குத் தகாது. அவர்கள் அடுத்த பட்டியலைத் தொகுக்குமுன் ஒருநாள் அப்பட்டறைகளுக்குச் சென்று, பழைய அச்சொன்றின் வெட்டுவாயைக் காட்டச் சொல்லி, அதனை மூத்த கைவினைஞர் எச்சொல்லால் விளக்குகின்றார் எனக் குறித்துக்கொள்ளலாம்.